தவறான டெலீட்டால் தரவுத்தளத்தில் அழிந்த வரிகளை (பதிவுகளை) மீட்கும் முறை

கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு மாங்காய் மண்டிக்குக் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் மாத நண்பகலில், முந்தைய ஆண்டின் ரத்தான சீட்டுகளையும் கணக்குத் தீர்ந்த சீட்டுகளையும் நீக்குவதற்காக, "ஆண்டு = 2023 அண்ட் நிலை = ரத்து ஆர் நிலை = தீர்வு" என்ற நிபந்தனையோடு தரவுத்தளத்திலிருந்து வரிகளை அழிக்கும் ஒரு டெலீட் கட்டளையை இயக்கினேன். தரவுத்தளத்திற்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியில் ஆர் (அல்லது) என்பதற்கு முன்பாக அண்ட் (மற்றும்) கணக்கிடப்படும். அதனால் ஆண்டு வரம்பு ரத்தான சீட்டுகளோடு நின்றுவிட, நடப்புப் பருவத்தில் விவசாயிகளுக்குப் பட்டுவாடா முடிந்த சீட்டுகள் அனைத்தும் சேர்ந்தே அழிந்தன. நிலை பற்றிய இரண்டு நிபந்தனைகளையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இப்படி நேர்ந்தால், முதலில் மென்பொருளை நிறுத்திப் புதிய பதிவுகள் ஏறாமல் தடுக்க வேண்டும். எடை மேடையில் வண்டிகள் காத்திருந்தாலும் சரி, அந்த நேரத்தில் காகிதச் சீட்டே போதும். பதற்றத்தில் நேற்றைய பேக்கப்பை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் மேலேயே ஏற்றிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு என்பேன், ஏனெனில் இன்று காலை முதல் ஏறிய சீட்டுகளும் அதோடு மறைந்துபோகும்.

மையெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பில், எல்லா மாற்றங்களையும் வரிசையாகக் குறித்துவைக்கும் பைனரி லாக் இயல்பாகவே இயங்கும். அமைப்பை மாற்றாதிருந்தால் அதன் கோப்புகள் 30 நாட்கள் இருக்கும். அவற்றை உடனே வேறு இடத்திற்கு நகலெடுங்கள். பின்னர் வேறொரு கணினியில் பேக்கப்பை ஏற்றி, பேக்கப் எடுத்த இடத்திலிருந்து அந்த டெலீட்டுக்குச் சற்று முன்பு வரையிலான மாற்றங்களை மட்டும் அந்த லாக்கைப் படிக்கும் மையெஸ்கியூஎல்பின்லாக் கருவியால் மறுபடி இயக்குங்கள். நேரத்தைவிட லாக்கில் உள்ள இட எண்ணை எல்லையாகக் கொடுப்பதே பாதுகாப்பானது, ஏனெனில் ஒரே நொடியில் பல மாற்றங்கள் பதிவாகியிருக்கலாம்.

அவ்வாறு கிடைத்த நகலிலிருந்து, விடுபட்ட வரிகளை மட்டும் பழைய சீட்டு எண்களுடனேயே அசல் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். சீட்டோடு இணைந்த கமிஷன், முன்பணப் பட்டியல்களிலும் வரிகள் தொடர்ந்து அழிந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுங்கள். நான் கார்பன் நகல் கட்டை எடுத்துவைத்து, காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளிலிருந்து வந்த நீலம், செந்தூரா எடைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே மென்பொருளைத் திறந்தேன்.

இனி எந்த டெலீட்டையும் இயக்குவதற்கு முன், அதே நிபந்தனையை, வரிகளை அழிக்காமல் எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையில் வைத்து எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். பிறகு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி டெலீட்டை இயக்கி, நீங்கிய எண்ணிக்கை அதனோடு பொருந்தினால் மட்டும் கமிட் கொடுத்து மாற்றத்தை உறுதியாக்குங்கள், இல்லையேல் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்புங்கள். ஒரு பட்டியலை முழுவதும் காலியாக்கும் டிரங்கேட் கட்டளைக்கு மையெஸ்கியூஎல்லில் இந்த வழி உதவாது. அது தானாகவே கமிட் ஆகிவிடும்.