வெண்குறுமீனின் உட்புறம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ எம்.எஸ்சி. இயற்பியல் படிப்பவர், துடிக்கும் வெண்குறுமீனை (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம், white dwarf) ப்ராஜெக்டுக்குத் தாராளமாக எடுக்கலாம். அதன் ஒளித் துடிப்பின் காலங்களை வைத்து உட்புறம் எப்படி என்று கணிப்பதுதான் வேலை. விண்மீன்களின் ஒளி மாறுவதை அளக்கும் நாசாவின் டெஸ் (TESS) விண்கலத்தின் தரவு இலவசம். டெல்டாவின் ஈரக்காற்றும் ஐப்பசி மழையும் அதைத் தொடாது. ஆனால் அந்தத் தரவு ஏமாற்றும் விதங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

துடிப்பு என்றதும் விண்மீன் உப்பிச் சுருங்குவதாக எழுதாதீர்கள். இங்கே ஆரம் மாறுவதே இல்லை எனலாம். உள்ளே ஓடும் அலைகளால் பரப்பின் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒளி ஏறி இறங்குவது அதனால்தான்.

அடுத்தது நேர இடைவெளி. ஜி117-பி15ஏ விண்மீனின் முக்கியத் துடிப்பின் காலம் 215 நொடி. 2 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த தரவில், 240 நொடிக்குக் குறைவான எதுவும் தவறான அதிர்வெண்ணில் போய்த் தெரியும். 20 நொடித் தரவையே தேடுங்கள். தரையில் ஒரே ஊரிலிருந்து பார்த்த தரவு என்றால், பகல் இடைவெளி ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் இருபுறமும் 11.6 மைக்ரோஹெர்ட்ஸ் தள்ளிப் போலி அதிர்வெண்களை உண்டாக்கும். இதைத் தவிர்க்கத்தான் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இடைவிடாமல் பார்த்தன. நம் காவலூர் வானாய்வகமும் அதில் பங்கெடுத்தது. அப்புறம், சுழற்சியால் மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிந்த அதிர்வெண்களைத் தனித்தனித் துடிப்புகளாக எண்ணிவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, கணினியில் கட்டிய விண்மீன் மாடல், அளந்த துடிப்புக் காலங்களோடு பொருந்திவிட்டது என்பதற்காக மையத்தைப் பார்த்துவிட்டதாக நம்புவது. தஞ்சாவூர் வீணைத் தந்தியில், மேருப் பக்க முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் துளி மெழுகு ஒட்டினாலும், எதிர் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டினாலும், அதிர்வெண்கள் ஒரே மாதிரிதான் மாறும். எந்தப் பக்கம் மெழுகு என்று சுரத்தை வைத்துச் சொல்ல முடியாது. வெண்குறுமீனிலும் இதே சிக்கல் உண்டு என்று 2003இல் மான்ட்கோமரி, மெட்காஃப், விங்கெட் மூவரும் காட்டினார்கள். மையத்தில் ஆக்சிஜன் அளவு சட்டென்று குறையும் இடமும், மேலே உறையில் ஹீலியம் அடுக்கின் எல்லையும் துடிப்புக் காலங்களில் ஒரே மாதிரியான தடத்தைப் பதிக்கக்கூடும். கையில் ஏழெட்டுக் காலங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆக்சிஜன் விகிதத்தைத் தசமப் புள்ளியோடு எழுதுவது அவசரம்.

மாடலில் விட்டுப்போன இயற்பியலும் இப்படித்தான் கெடுக்கும். 2018இல் கேஐசி 8626021 விண்மீனின் மையம் எதிர்பார்த்ததைவிடப் பெரிது, ஆக்சிஜனும் அதிகம் என்று ஒரு குழு அறிவித்தது. நியூட்ரினோக்கள் வெப்பத்தைக் கொண்டுபோவதைக் கணக்கில் சேர்த்தால் அதிர்வெண்கள் கணிசமாக நகரும் என்று அதே ஆண்டில் வேறொரு குழு சுட்டிக்காட்டியது.

ஆகவே, பொருத்தத்தில் முதலில் வந்த மாடலோடு, ஏறக்குறைய அதே அளவு பொருந்தும் மற்ற மாடல்களையும் அறிக்கையில் போடுங்கள். ஒவ்வொன்றும் சொல்லும் ஒளிர்விலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, கையா விண்கலம் அளந்த தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாததை, எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும், தள்ளிவிடுங்கள்.