பூட்டன் ஊரை மேப்பில் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி போனை நீட்டினான். “அண்ணாச்சி, பூட்டன் ஊரைப் பிடிச்சாச்சு. சனிக்கிழமை கிளம்புதேன்.” கூகுள் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி. ஊர்ப் பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

பெயரைப் பார்த்ததும் வண்டி ஏறுவது

நானும் இப்படித்தான் போனேன். எங்கள் பூட்டனாரின் கிரயப் பத்திரத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா, ஆலங்குளம்’ என்றிருந்தது. தென்காசி ரோட்டில் இருக்கும் ஆலங்குளம்தானே என்று கார் பிடித்தேன். இரண்டு நாள் டீக்கடை டீக்கடையாக விசாரித்தும், எங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கார் வாடகையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து பத்திரத்தை மறுபடி விரித்தால், எல்கை (நிலத்தின் எல்லை) விவரத்தில் ‘வெம்பக்கோட்டை போகும் வண்டிப்பாதைக்குத் தெற்கு’ என்று இருக்கிறது. முதலிலேயே கண்ணில் பட்ட வரிதான். எல்கையில் என்ன இருக்கப்போகிறது என்று தாண்டிவிட்டேன். வெம்பக்கோட்டை பக்கமும் ஓர் ஆலங்குளம் உண்டு. சிமென்ட் ஆலை இருக்கிற ஊர், இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். ஆனால் அந்தப் பக்கத்துச் சாத்தூர், திருவில்லிபுத்தூர் தாலுகாக்கள் 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை திருநெல்வேலியோடுதான் இருந்தன. எங்கள் பத்திரம் அதற்கு இரண்டு வருடம் முந்தியது!

மேப்புக்குத் தெரிந்தது இன்றைய மாவட்டம்தான். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. அதனால் முதலில் பத்திரத்தின் வருடத்தைப் பாருங்கள். அப்புறம் எல்கையில் வரும் பக்கத்து ஊர், குளம், கால்வாய்ப் பெயர்களைத் தேடுங்கள். அவற்றில் இரண்டு மூன்றாவது அந்தப் புள்ளியைச் சுற்றி விழுந்தால் சரி, கிளம்பலாம்.

கொல்லம் ஆண்டைக் கவனிக்காதது

பழைய ஓலையில் 1083 என்று கண்டால் மிரள வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. ஆங்கில வருடத்துக்கு 825 கூட்டுங்கள், ஆவணியிலிருந்து மார்கழி பாதிவரை என்றால் 824.

பழைய செங்கோட்டையைத் திருநெல்வேலி ஜில்லாவில் தேடுவது

1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ப் பக்கம்.

இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுவது

வெள்ளைக்காரன் மேப்பில் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, பாளையங்கோட்டை ‘பாலம்கோட்டா’.

புள்ளியைப் படம் பிடித்துவிட்டு விடுவது

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் பத்திரத்தின் பின்னால் பென்சிலில் குறித்து வையுங்கள்.