இரகசியப் படத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள்

இடம்பெயர்வுகளில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ, அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைக்கிறோம், ஆனால் அந்தப் போன் வேறு கைக்குப் போனால்? உறுதி இலக்கம், கடவுச்சொல், காணியின் எல்லைப் படம் போன்றவற்றுக்கு கணினி அறிஞர்கள் மோனி நவோரும் அதி ஷமீரும் 1994இல் முன்வைத்த காட்சி மறையாக்கம் நல்ல வழி, அதாவது ஒரு படத்தை, தனியாகப் பார்த்தால் எதுவும் புரியாத இரண்டு படங்களாகப் பிரிப்பது.

கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் இந்த இரண்டு படங்களிலும் நான்கு நான்கு சிறு புள்ளிகளாக விழுகிறது. மூலப் புள்ளி வெள்ளை என்றால் இரண்டிலும் சிறு புள்ளிகளின் கறுப்பு வெள்ளை அமைப்பு ஒன்றே, கறுப்பு என்றால் நேரெதிர். எந்த அமைப்பு என்பது குருட்டுவாக்கில் தேர்வாவதால், ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய கணினியாலும் எதையும் அறிய முடியாது. இரண்டையும் பொருத்தி வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும், கரண்ட் கூட வேண்டாம்!

ஒளிபுகும் தாளில், இரண்டையும் ஒரே பிரிண்டரில் ஒரே அளவில் அச்சிடுங்கள், கொஞ்சம் அளவு மாறினாலும் பொருந்தாது. வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும், ஆகவே எழுத்துகள் பெரிதாக, தடிப்பாக இருக்கட்டும். முழு உறுதியின் ஸ்கேனுக்கு இது சரிவராது, அதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள்.

ஒரு தாள் கிளிநொச்சி வீட்டில் என்றால் மற்றது வவுனியாவில் நம்பிக்கையான உறவினரிடம். ஒன்று தொலைந்தாலும் படம் போய்விடும், எனவே ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள், ஆனால் இரண்டும் ஓரிடத்தில் சேரவே கூடாது. அப்புறம், மூலப் படத்தைப் போனிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்துவிடுங்கள்.