பீடத்திலிருந்து இறக்கித் தாயைச் சித்திரிப்பது எப்படி?

தாய்மையின் புனிதப் படிமத்தைக் கேள்விக்குட்படுத்தும் படைப்பைத் தொடங்குமுன், அப்படிமம் எவற்றை மறைக்கிறது என்று எழுதிப்பாருங்கள்: தூக்கமின்மை, சலிப்பு, கோபம், தழும்பு, ஊதியமற்ற உழைப்பு. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. அனைத்தையும் சொல்ல முயலும் படைப்பு பெரும்பாலும் பிரசாரச் சுவரொட்டியாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, எந்தப் பொருளைக் கொண்டு படைக்கப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். என் பார்வையில் இதுவே முதன்மையான முடிவு. அமெரிக்கக் கலைஞர் மேரி கெல்லி 1973 முதல் 1979 வரை உருவாக்கிய ‘போஸ்ட்-பார்ட்டம் டாக்குமென்ட்’ (பிரசவத்துக்குப் பிந்தைய ஆவணம்) என்னும் படைப்பில், தாயின் உருவத்தை முன்னிறுத்தாமல், மகனின் கறைபடிந்த அணையாடை உள்விரிப்புகளையும், அவன் உண்டவற்றின் குறிப்புகளையும், கிறுக்கல்களையும் அருங்காட்சியக ஆவணங்களைப் போலச் சட்டமிட்டு வைத்தார். 1976இல் அதன் பகுதிகள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது நாளிதழ்கள் முகம் சுளித்தன. அந்தச் சுளிப்பே படிமத்தின் வலிமையைக் காட்டிக்கொடுத்தது எனலாம்.

உடலையே காட்ட விரும்பினால், டச்சு நிழற்படக் கலைஞர் ரினெகே டைக்ஸ்ட்ரா 1994இல் எடுத்த நிழற்படங்களைக் கவனியுங்கள். பிரசவித்து ஒரு மணி நேரமோ, ஒரு நாளோ, ஒரு வாரமோ ஆன பெண்கள், வெற்றுச் சுவரின் முன் குழந்தையை மார்போடு அணைத்தபடி நேராக நிற்கிறார்கள். ஒருவரின் காலில் இரத்தம் வழிந்திருக்கிறது. அலங்காரமற்ற பின்புலம், இரக்கப்படுவதற்கு மாறாக உற்றுப் பார்க்கச் செய்கிறது.

குழந்தையின் முகத்தைக் காட்டுவதா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஒப்புதல் தரும் வயது அதற்கு இல்லை. விளக்கக் குறிப்பில் தியாகத்தைப் புகழாமல், செய்த வேலையையும் அதற்குச் செலவான நேரத்தையும் மட்டும் எழுதுங்கள்.