நாளிதழில் வந்த பழைய நகரப் படங்களை அலைக்கோடு விழாமல் ஸ்கேன் செய்வது எப்படி?

வெள்ளம் புகுந்த கடைத்தெரு, தீயில் எரிந்த சந்தை, புதிய பாலத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டம் என ஒரு நகரத்தின் முக்கியமான நாட்களுக்குச் சாட்சியாக இருப்பவை பெரும்பாலும் நாளிதழ்ப் படங்களே. பல வேளைகளில் அவற்றின் நெகட்டிவ் தொலைந்துபோய், பழுப்பேறிய நறுக்கு மட்டுமே எஞ்சியிருக்கும். அந்த நறுக்கிலிருந்து நல்ல டிஜிட்டல் பிரதி எடுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். ஸ்கேனரைக் கணினியுடன் இணைக்கத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முழுப் பக்கத்தையும் பதிவு செய்யுங்கள்

படத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தேதி, பக்க எண், படவிளக்கம் மூன்றும் படத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன்மீது குண்டுகள் விழுந்தபோது, புகைக்கு நடுவே செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் நிற்பதை ஹெர்பர்ட் மேசன் எடுத்த படம், 31ஆம் தேதி டெய்லி மெயில் நாளிதழில் நகரத்தின் உறுதிக்கு அடையாளமாக வெளிவந்தது. அடுத்த மாதமே ஜெர்மானிய வார இதழ் ஒன்று அதே படத்தை, லண்டன் எரிகிறது என்பதற்குச் சான்றாக வெளியிட்டது. எந்த இதழின் நறுக்கு என்று குறிக்காமல் வைத்திருப்பவரால் இந்த வேறுபாட்டை அறியவே முடியாது. கோப்பின் பெயரில் வெளிவந்த நாளை 1940-12-31 என்ற வடிவில் எழுதுங்கள். எடுத்த நாள் தெரிந்தால் அதைக் கோப்பின் விவரப் பகுதியில் தனியாகக் குறியுங்கள். ஏற்கெனவே யாரோ தேதியில்லாமல் வெட்டி வைத்த நறுக்கு என்றால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். அங்குள்ள பாதி விளம்பரமோ திரையரங்கப் பட்டியலோ ஆண்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 2: ஸ்கேன்

கைபேசி கேமராவை நான் பரிந்துரைப்பதில்லை. தாளின் வளைவும் ஒளியின் ஏற்றத்தாழ்வும் படத்தில் அப்படியே பதிந்துவிடும். தட்டை ஸ்கேனரே போதும். செய்தித்தாள் மெல்லியது என்பதால் பின்பக்க எழுத்துகள் ஊடுருவித் தெரியும். தாளின்மேல் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடினால் அது பெருமளவு மறையும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) அளவில் ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் மென்பொருளில் கூர்மைப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இந்தக் கோப்பே மூலப்பிரதி. இதில் எதையும் திருத்தக் கூடாது.

படி 3: புள்ளிகளைக் கரைத்தல்

பலரும் திணறுவது இங்கேதான். நானும் நெடுநேரம் தடுமாறினேன். 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் இதழ் ஹாஃப்டோன் முறையில் ஒரு குடிசைப் பகுதியின் படத்தை வெளியிட்டது. அந்த முறையில் அச்சான படத்தில் சாம்பல் நிற மை என்று எதுவும் கிடையாது. பெரிதும் சிறிதுமான கறுப்புப் புள்ளிகளே தூரத்திலிருந்து பார்க்கும்போது சாம்பலாகத் தோன்றுகின்றன. பழைய நாளிதழ்களில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 65 முதல் 85 வரிசைப் புள்ளிகள் இருக்கும். 600 டிபிஐயில் ஒரு புள்ளிக்கு ஏழு முதல் ஒன்பது பிக்சல்கள் கிடைக்கின்றன. அளவைக் குறைக்கும்போது புள்ளி வரிசையும் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று முரண்பட்டு, வானத்திலும் சுவர்களிலும் அலையலையாகக் கோடுகள் விழுகின்றன. மொய்ரே என்பது இதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். மூலப்பிரதியின் நகலை கிம்ப் (GIMP) என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, முதலில் சிவப்புச் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு ஒளிப் பதிவை மட்டும் பிரித்தெடுங்கள். தாளின் மஞ்சள் கறை அதில்தான் மிகக் குறைவாகத் தெரியும். அடுத்து படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளர் (Gaussian Blur) வசதியை மூன்று பிக்சலில் தொடங்கி, புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதன் பிறகே அளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, இறுதியில் இலேசாகக் கூர்மைப்படுத்துங்கள். அளவை முதலில் குறைத்துவிட்டால் விழுந்த அலைக்கோடுகளை எந்தப் பிளரும் முழுமையாக நீக்காது.

இன்னொன்று: திரையில் 33 சதவீதத்தில் பார்க்கும்போது தெரியும் அலைகள் கோப்பில் இல்லாமலும் இருக்கலாம். எப்போதும் 100 சதவீதத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள். அச்சுப் புள்ளிகளைத் தானாகவே நீக்கும், ஸ்கேனரிலேயே வரும் டிஸ்கிரீன் (Descreen) வசதி அவசரத்துக்கு உதவும். ஆனால் அது கூட்டத்தில் உள்ள முகங்களையும் கடைப் பலகைகளின் எழுத்துகளையும் மழுக்கிவிடுவதால் நான் பயன்படுத்துவதில்லை.

பின்சேர்க்கை

நூலகத்தில் மைக்ரோஃபிலிமிலிருந்து (நாளிதழ்ப் பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் பதிந்த படச்சுருள்) எடுத்த படங்களுக்கும் இம்முறை பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் பொருந்தாது. எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காக மிகைக் கான்ட்ராஸ்ட்டில் எடுக்கப்பட்டவை அவை. நிழற்பகுதியின் புள்ளிகள் அதில் ஒன்றாக ஒட்டிக் கருமையாகிவிட்டிருக்கும், அங்கே கரைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. மைக்ரோஃபிலிமைத் தேதியையும் பக்க எண்ணையும் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அந்நாளின் அச்சுப் பிரதியைக் கட்டு போட்ட தொகுதியாக வைத்திருக்கிறார்களா என்று நூலகரிடம் கேளுங்கள்.