வெளிநாட்டு வேலைக்குக் கடன் வாங்கும் முன்னால்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சிங்கப்பூரிலோ குவைத்திலோ துபாயிலோ ஒரு பையன் இருப்பான். போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனத்தை வைத்து எப்படிப் பிழைப்பது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் கட்டடச் சாரத்தில் பாதுகாப்பு பெல்ட் மாட்ட இடமே இல்லாதபோது "நான் ஏற மாட்டேன்" என்று சொல்ல வேண்டுமென்றால், ஊரில் வட்டி கழுத்தை நெரிக்காமல் இருக்க வேண்டும். அதனால் உயிருக்கான பாதுகாப்பைக் கடனிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், முக்கியமாக நகையைக் கழற்றிக் கொடுக்கப் போகிற அம்மாவோ மனைவியோ கூட இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஏஜென்டுக்குக் கொடுக்க 4 லட்சம், மூணு வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 வட்டி மட்டும். சிங்கப்பூரில் சம்பளம் நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 26 நாள், 520 வெள்ளி; வெள்ளி 65 ரூபாய் என்றால் 33,800. சாப்பாட்டுக்கு 150 வெள்ளி போனால் மிச்சம் 24,050. வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாமல் அத்தனையும் கடனுக்கே கட்டினாலும் அடைய இரண்டு வருஷம் ஆகும், வேலை பெர்மிட்டும் பெரும்பாலும் இரண்டு வருஷம்தான். ஓ.டி. (ஓவர்டைம்) பார்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சரி, பார்க்கலாம், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து அசந்துபோன உடம்போடு கிரேனுக்குக் கீழே நிற்பது யார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இந்தக் கணக்கு உதைத்தால், எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் அந்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டப்படி எவ்வளவு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். சிங்கப்பூர் ஏஜென்ட் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதுவும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேலே கேட்பது எதற்கு என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இந்திய அரசின் இ-மைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 1983-ஆம் வருஷக் குடியேற்றச் சட்டப்படி பதிவில்லாமல் ஆள் எடுப்பதே குற்றம். பணத்தைக் கையில் கொடுக்காமல் பேங்க் வழியாக அனுப்புங்கள். ரசீது தராதவரிடம் மேலே பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஐபிஏ (IPA), அதாவது வேலை பெர்மிட்டுக்குச் சிங்கப்பூர் அரசு தரும் முன் ஒப்புதல் கடிதம். சிங்கப்பூருக்கு என்றால் இந்தக் கடிதம் உங்கள் கையில் வராமல் விமானம் ஏறக் கூடாது, தமிழிலேயே அனுப்ப வேண்டியது கம்பெனியின் கடமை. அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம் என்று தனித்தனியாக இருக்கும். ஏஜென்ட் வாயால் சொன்ன தொகையையும் காகிதத்தில் உள்ள அடிப்படைச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஏமாற்று பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரியும். கடிதம் உண்மையா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இந்த மண்ணிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்ய, போன நகரத்தார், எத்தனை வருஷம், என்ன சம்பளம் என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் அடுத்தாட்களை (கடை உதவியாளர்களை) அனுப்பினார்கள். காகிதம் கேட்பது நம் ஊருக்குப் புதுப் பழக்கம் இல்லை.

"இப்போது டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று போய் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்களை 2022-இல் மீட்டு வர வேண்டியதாயிற்று.

வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பத்தாவது முடிக்காதவர்களுக்கு இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவை என்று குறிக்கப்பட்ட) பாஸ்போர்ட் இருக்கும், குடியேற்ற அனுமதி வாங்காமல் போகக் கூடாது. இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். வெயில் விதியும் தெரிந்திருக்கட்டும்: எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலை கூடாது, குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 11 முதல் 4. போய் இறங்கிய முதல் இரவே தங்கும் கட்டடத்தின் படிக்கட்டு எங்கே, மொட்டை மாடிக் கதவு திறக்குமா என்று நடந்து பார்த்துவிடுங்கள். 2024 ஜூன் 12 விடியற்காலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இந்தியர் 45 பேருக்குக் குறையாமல் செத்தார்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் போகும் முன்பே மனப்பாடம் செய்யுங்கள், வலியில் எதுவும் ஞாபகம் வராது. சிங்கப்பூரில் தப்பு உங்களுடையதாகவே இருந்தாலும் வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு உண்டு, உடலுழைப்பு வேலைக்காரர் எல்லோருக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். டாக்டரிடம் "ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் கூடவே வருவார், சொல்லாதீர்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த மெஷின் என்று உள்ளதைச் சொல்லுங்கள், அது மருத்துவக் குறிப்பில் ஏறட்டும். எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று), மருந்துச் சீட்டு, காயம், நடந்த இடம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவரின் நம்பரையும் வாங்கி வையுங்கள். வாசிக்கத் தெரியாத மொழிக் காகிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம், டிக்கெட் போட்டுத் தருகிறேன், ஊருக்குப் போய் வைத்தியம் பார் என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, முதலாளி பிடித்து வைக்க முடியாது. அதன் நகல், ஐபிஏ, ரசீதுகள், கம்பெனி முகவரி எல்லாம் ஊரில் ஒரு ஃபைலில் இருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும். ஏஜென்ட் ஏமாற்றினால் அந்த ஃபைலோடு போலீஸில் புகார் கொடுங்கள், சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அங்கே மாட்டிக்கொண்டவருக்காக வீட்டார் சிவகங்கை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) குறைதீர்ப்பு இணையதளத்தில் பதியலாம், அயலகத் தமிழர் நலத்துறையையும் கேட்கலாம். மனுவின் ஒப்புகைச் சீட்டையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.