நீண்ட கால் இருந்தால் சிலந்தி என்று அடித்துவிடாதீர்கள்

டர்பனில் சாட்ஸ்வொர்த்தானாலும் பீனிக்ஸானாலும், கராஜ் மூலையில் வலை கட்டித் தலைகீழாகத் தொங்கும் மெல்லிய கால் பிராணியை எல்லோரும் 'டாடி லாங் லெக்ஸ்' என்கிறோம். தொட்டால் உடலைக் கிடுகிடுவென அதிரவைக்கும் அது உண்மையான சிலந்தி. தோட்டத்து ஈரச் சுவரிலும் காட்டின் பாசி மரத்திலும் நெட்டைக் காலில் தள்ளாடி நடக்கும், சிலந்தியே அல்லாத ஹார்வெஸ்ட்மேன் என்னும் பிராணிக்கும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

பிரித்தறிவது எளிது. சிலந்திக்குத் தலைப்பகுதிக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒடுங்கிய இடை உண்டு. ஹார்வெஸ்ட்மேனின் உடல் ஒரே உருண்டை. நெட்டைக்கால் வகைகளில் நடு முதுகிலுள்ள சிறு மேட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரண்டே கண்கள். நூல் சுரப்பி இல்லாததால் வலையும் இல்லை.

விஷச் சுரப்பியும் இல்லை. 'உலகிலேயே கொடிய விஷம், பல்தான் சிறியது' என்ற கதையை நம்பிப் பூச்சி மருந்து அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் காடுகளிலுள்ள ராம்ப்சினிட்டஸ் என்னும் ஹார்வெஸ்ட்மேன் இனத்து ஆண்களின் தாடை பெரிதாக முன்னால் நீண்டிருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அதிலும் விஷம் கிடையாது. சீண்டினால் நாற்றமுள்ள திரவத்தைக் கசியவிடும், அவ்வளவுதான். சிறு பூச்சிகள், செத்த பூச்சிகள், பூஞ்சை ஆகியவை இதன் உணவு. சிலந்தியைப்போல் சாறாக்கி உறிஞ்சாமல், துணுக்குகளாகவே விழுங்கும்.

காலைப் பிடித்துத் தூக்குவதைக் குழந்தைகள் விளையாட்டாகச் செய்கிறார்கள். பெரியவர்கள் தடுக்க வேண்டும். பிடித்த கால் கழன்று விழுந்து, தனியே துடித்துக்கொண்டிருக்கும். எதிரி அதைப் பார்த்து நிற்கும்போது பிராணி தப்பிவிடும். ஆனால் போன கால் மறுபடி முளைப்பதில்லை. அதிலும் இரண்டாவது ஜோடிக் கால்கள் நடப்பதைவிடத் தடவி அறிவதற்கே அதிகம் பயன்படுகின்றன. அவ்விரண்டையும் இழந்தால் இரையையும் வழியையும் அறிவது பெரும்பாடு.

நெட்டைக்கால் உள்ளவை மட்டும்தான் ஹார்வெஸ்ட்மேன் என்று நினைப்பதும் தவறு. தென்னாப்பிரிக்காவின் பெரும் செல்வம் குட்டைக்கால் வகைகள். சில மில்லிமீட்டர் அளவுதான். உளுத்த கட்டைக்கு அடியில், தொட்டதும் காலை மடக்கி மண் துணுக்குபோல் கிடக்கும். பின்னாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நேட்டால் அருங்காட்சியக இயக்குநரான ஆர்.எஃப். லாரன்ஸ், 1931-இலேயே இந்நாட்டு வகைகளைப் பற்றி விரிவாக எழுதினார். கேப் டவுன் மேசை மலைக் குகைகளில் வாழும் ஸ்பீலியோசைரோ என்னும் சிற்றுயிரின் குடும்பமான பெட்டாலிடேக்கு இலங்கை, மடகாஸ்கர், சிலி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் உறவினர் உண்டு. கடல் தாண்ட முடியாத பிராணிகள் இவை. கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலம் உடைந்தபோது, நிலத்துண்டுகளோடு பிரிந்து போனவை. டர்பனின் இயற்கைக் காப்பகங்களான பர்மன் புஷ்ஷிலோ சில்வர்க்ளெனிலோ இலைச்சருகைக் கிளறும்போது இதை நினைத்துப்பாருங்கள்.

இத்தகைய உயிர்களுக்கு ஈரம் போனால் உயிர் போகும். கட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போகாதீர்கள். முன்பு கிடந்த பக்கமே மண்ணில் படியும்படி மெதுவாகத் திருப்பி வையுங்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒரு நிழல் மூலையிலாவது சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டுவையுங்கள். காப்பகத்திலிருந்து அனுமதியின்றி எதையும் குப்பியில் அடைத்து எடுத்துவரவே கூடாது.